பீகிள் பாயிண்டிலிருந்து திரும்புகிறேன், வழி சொல்லுங்கள்

எலீட் டேஞ்சரஸ் என்ற விண்வெளிக் கணினி விளையாட்டை ஆடும் நண்பர்களே, ஓர் உதவி. சூரியனிலிருந்து ஏறக்குறைய 65,000 ஒளியாண்டு தள்ளியிருக்கும் பீகிள் பாயிண்டைத் தொட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருக்கிறேன். ஈர்ப்பு மிகுந்த ஒரு கோளில் அவசரமாக இறங்கியதில் கப்பலின் உடல் வலிமை 38 சதவீதமாகிவிட்டது (என் கொழுப்புதான்). பழுதுபார்க்கும் லிம்பெட் (சிறு ட்ரோன்) எடுத்து வரவில்லை. இப்போது வெடித்தால், விற்காமல் வைத்திருக்கும் ஐந்து மாத ஆய்வுத் தரவு முழுவதும் போய்விடும். நியூட்ரான் விண்மீனின் தாரையில் நுழைந்தால் தாவும் தூரம் நான்கு மடங்காகும். ஆனால் இந்த ஓட்டைக் கப்பலோடு நுழையக் கை நடுங்குகிறது. மெதுவாகவே தாவி வரட்டுமா? தரவை எங்கே விற்பது, விண்மீன் மண்டல மையத்துக்கு அருகிலுள்ள எக்ஸ்ப்ளோரர்ஸ் ஆங்கரேஜ் நிலையத்திலா, கொலோனியா குடியேற்றத்திலா? அந்தப் பக்கம் கேரியர் (மற்ற கப்பல்கள் இறங்கக்கூடிய பெரிய கப்பல்) நிறுத்தியிருப்பவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து சொல்லுங்கள்.