புது அடுப்பு ஐந்து நிமிடத்தில் சுருண்டுவிடுகிறது, அவசரம்

மலைப்பை (இழையைத் தொடங்கியவர்), சனி காலை 6.48
வணக்கம். போன வாரம் வாங்கிய புது அடுப்பு சரியாக எரியவில்லை. ஐந்து நிமிடம் சீறிக்கொண்டு எரிந்தது, அப்புறம் மெழுகுவர்த்தி மாதிரி ஆகிவிட்டது. டின்னைக் குலுக்கினால் கேஸ் தளும்புகிறது, காலியாகவில்லை. பிள்ளைகள் பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். மனைவி ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. யாராவது உடனே சொல்லுங்கள். லைன் சரியில்லை, படம் ஏறமாட்டேன் என்கிறது.

பட்டர்வொர்த் மோட்டார், 6.51
என்ன அடுப்பு? என்ன கேஸ்? எங்கே இருக்கிறீர்கள்? அடுப்பு என்று மட்டும் சொன்னால் விறகடுப்பும் அடுப்புதான்.

ஊசித்துளை, 6.52
நாசில் அடைப்பு, கேஸ் வெளியே வருகிற சின்னத் துளை. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். புது அடுப்பிலும் தொழிற்சாலைத் தூசி இருக்கும். மெல்லிய கிட்டார் கம்பியை விட்டு எடுங்கள். ஊசி வேண்டாம், துளை அகன்றுவிடும்.

மலைப்பை, 6.53
கேம்பிங் வந்த இடத்தில் கிட்டார் கம்பிக்கு எங்கே போவேன் அண்ணே?

கொடிமலை நடை, 6.55
கேம்பிங் என்றால் மலைதானே. உயரத்தில் ஆக்சிஜன் குறைவு, தீ சுருங்கத்தான் செய்யும். பினாங்குக் கொடிமலையில் எனக்கும் இப்படி ஆகியிருக்கிறது.

பட்டர்வொர்த் மோட்டார், 6.56
கொடிமலை 833 மீட்டர். அங்கேயே ஆக்சிஜன் தீர்ந்துபோனால் ரயிலில் ஏறிப் போகிற பாட்டிகள் எல்லாம் மேலே மயங்கி விழ வேண்டும்.

பழைய பாதை, 6.58
ஒவ்வொரு பள்ளி விடுமுறைக்கும் இதே கேள்வி, இதே அவசரம். கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அடுப்பு வகை, கேஸ் வகை, இடம், குளிர் எவ்வளவு, காற்று எப்படி, டின் நிற்கிறதா படுத்திருக்கிறதா. ஆறு விவரம் வேண்டும். நீங்கள் கொடுத்திருப்பது ஒன்றே ஒன்று: பசி. நான் இதைப் பற்றி ஏற்கெனவே விரிவாக எழுதியிருக்கிறேன். தேடிப் படித்துவிட்டு வாருங்கள்.

மலைப்பை, 7.04
மன்னிக்கவும் ஐயா. கேமரன் மலை, கம்போங் ராஜா பக்கம். காய்கறித் தோட்டத்துக்கு மேலே ஒரு கூடார இடம். மூன்று கால் வைத்த மடக்கு அடுப்பு, டின் தனியாகக் கீழே இருக்கும், நடுவில் குழாய். டின் சாதாரண நீள டின், மேசையில் வைத்துச் சூப் கொதிக்கவிட்டுச் சாப்பிடுகிற ஸ்டீம்போட் அடுப்புக்குப் போடுவோமே அதுதான். அடாப்டர் அடுப்போடு வந்தது. வீட்டில் பால்கனியில் வைத்துப் பார்த்தபோது அருமையாக எரிந்தது. நேற்றிரவு இங்கேயும் எரிந்தது, ஒரு கோப்பை காப்பிக்கு மட்டும் மூட்டினேன்.

ஊசித்துளை, 7.05
நேற்று எரிந்து இன்று எரியவில்லை என்றால் ராத்திரி தூசி போயிருக்கிறது. நாசில்தான்.

ஆயர் ஈத்தாம் அக்கா, 7.07
தம்பி, தூசி கிடக்கட்டும். டின்னைத் தொட்டுப் பாருங்கள். எப்படி இருக்கிறது?

மலைப்பை, 7.09
ஐஸ் மாதிரி இருக்கிறது அக்கா. கீழ்ப்பாதி முழுக்க நீர்முத்து. ராத்திரிப் பனி என்று நினைத்துத் துடைத்துவிட்டேன். மறுபடியும் வியர்க்கிறது.

ஆயர் ஈத்தாம் அக்கா, 7.14
அது ராத்திரிப் பனி இல்லை. டின்னுக்குள் இருப்பது திரவம். அது ஆவியாகித்தான் பர்னருக்கு வருகிறது. ஆவியாக வெப்பம் வேண்டும், அந்த வெப்பத்தை டின்னிடமிருந்தே உறிஞ்சிக்கொள்கிறது. அதனால்தான் டின் சில்லிடுகிறது. நீள டின்னில் பெரும்பாலும் வெறும் பியூட்டேன்தான். அது பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழே போனால் கொதிக்காது, திரவமாகவே கிடக்கும். பினாங்கில் உங்கள் பால்கனியில் 30 டிகிரி. டின் எவ்வளவு குளிர்ந்தாலும் சுற்றியிருக்கிற காற்று சூட்டைத் திருப்பிக் கொடுத்துவிடும். கேமரனில் விடியற்காலை 15, 16 இருக்கும். நேற்று ஒரு கோப்பைக் காப்பிக்கு டின் தாங்கியது. இன்று பெரிய சட்டியை வைத்து முழுத் தீ விட்டிருப்பீர்கள், சரியா? டின் பூஜ்யத்தை நெருங்கிவிட்டது, கேஸ் இருந்தும் வெளியே தள்ள அழுத்தம் இல்லை.

அடுப்பை அணையுங்கள். ஒரு சட்டியில் நாலு விரல் உயரம் தண்ணீர் ஊற்றி, டின்னை வாய் மேலே இருக்கும்படி நிற்க வையுங்கள். வால்வு நனையக் கூடாது. இரண்டு நிமிடம் கழித்து மூட்டுங்கள்.

மலைப்பை, 7.16
தண்ணீரைச் சுடவைக்கத்தான் அக்கா அடுப்பு எரியமாட்டேன் என்கிறது!

ஆயர் ஈத்தாம் அக்கா, 7.17
சுடுதண்ணீர் யார் கேட்டது? பைப் தண்ணீர் போதும். அந்தத் தண்ணீர் உங்கள் கைக்குக் குளிர், டின்னுக்கு வெந்நீர். காற்றைவிடத் தண்ணீர் சூட்டை வேகமாகக் கொடுக்கும்.

கொடிமலை நடை, 7.19
அப்படியானால் உயரம்தானே காரணம்? நான் சொன்னது சரிதான்.

பழைய பாதை, 7.22
தலைகீழ். உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, அதனால் கேஸ் டின்னை விட்டு வெளியேறுவது கொஞ்சம் சுலபமாகத்தான் ஆகும். கெடுப்பது குளிர். அந்த அம்மா சொல்வது சரி, ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். டின்னைப் படுக்க வைத்தால் வாய்ப்பக்கத்தில் இருக்கும் வெட்டு மேலே பார்க்க வேண்டும். கீழே பார்த்தால் ஆவிக்குப் பதில் திரவம் வந்து தீ ஆளுயரம் பாயும். என் கட்டுரையில் படத்தோடு இருக்கிறது.

கூடாரம்77, 7.24
உங்கள் கட்டுரையைத் தேடினேன் ஐயா. கிடைத்தது பூட்ஸ் விமர்சனம், நாலு பாகம்.

மலைப்பை, 7.26
இங்கே காற்றும் அடிக்கிறது. அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோய்விடட்டுமா?

ஆயர் ஈத்தாம் அக்கா, 7.26
வேண்டாம்!

பழைய பாதை, 7.26
கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. பைகளை அடுக்கிக் காற்றை மறையுங்கள், அடுப்பிலிருந்து தள்ளி. டின்னைச் சுற்றித் தகடு வைத்து மூடாதீர்கள்.

கூடாரம்77, 7.33
எனக்கு ஒரு சந்தேகம். தீபாவளி லீவில் நாங்களும் அதே கம்போங் ராஜாவில்தான் இருந்தோம். எங்களிடம் இருந்தது சாதாரண ஸ்டீம்போட் அடுப்பு, 60 வெள்ளி. விடிய விடிய எரிந்தது. அதே டின், அதே குளிர். இந்த மடக்கு அடுப்பை எல்லாம் காசு கொட்டி வாங்குவது எதற்கு?

ஆயர் ஈத்தாம் அக்கா, 7.38
நல்ல கேள்வி. ஸ்டீம்போட் அடுப்பில் டின் பர்னருக்குப் பக்கத்திலேயே, அதே பெட்டிக்குள் இருக்கிறது. பல அடுப்புகளில் தீக்குப் பக்கத்திலிருந்து ஒரு தகடு டின்னை நோக்கி வரும், சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடத்தும். சூடு அதிகமாகி அழுத்தம் ஏறினால் டின்னைத் தானாகவே கழற்றிவிடும் அமைப்பும் உண்டு. குழாய் வைத்த அடுப்பில் டின் அனாதை. காரில் போகிறவர்களுக்கு ஸ்டீம்போட் அடுப்பே போதும் என்பதுதான் என் கட்சியும். முதுகில் சுமந்து ஏறுகிறவர்களுக்குத்தான் மடக்கு அடுப்பு. அவர்கள் குட்டையான திருகு டின் வாங்குவது நல்லது. அதில் ஐசோபியூட்டேனும் புரோப்பேனும் கலந்திருக்கும். ஐசோபியூட்டேன் மைனஸ் 11 டிகிரி வரை கொதிக்கும், புரோப்பேன் மைனஸ் 42 வரை.

பட்டர்வொர்த் மோட்டார், 7.41
திருகு டின் விலைக்கு நீள டின் ஒரு கட்டே வாங்கிவிடலாம். நான் சமீபத்தில் வாங்கியதைச் சொல்கிறேன்: நிரப்பும் அடாப்டர், 18 வெள்ளி. வீட்டு 14 கிலோ சிலிண்டரைக் கவிழ்த்து, காலி டின்னில் பிடித்துக்கொள்ளலாம். அதிலும் புரோப்பேன் இருக்கிறது. குளிருக்கும் ஆச்சு, காசும் மிச்சம்.

ஆயர் ஈத்தாம் அக்கா, 7.44
தம்பி, அதைத் தயவுசெய்து தூக்கிப் போடுங்கள். 20 டிகிரியில் பியூட்டேனின் அழுத்தம் சுமார் 2 பார், புரோப்பேனுக்கு 8 பாருக்கு மேல். அந்த மெல்லிய தகர டின் பியூட்டேனுக்காகச் செய்தது, ஒருமுறை எரித்துவிட்டு எறிவதற்காக.

பட்டர்வொர்த் மோட்டார், 7.47
என் மச்சான் இரண்டு வருடமாக நிரப்புகிறார். ஒன்றும் ஆகவில்லை.

பழைய பாதை, 7.49
ஆகிற வரைக்கும் ஒன்றும் ஆகாது. டின்னை எங்கே வைத்துக் கொண்டுபோகிறீர்கள்? மோட்டார் சீட்டுக்கு அடியிலா? மத்தியான வெயிலில், பினாங்குப் பாலத்தில், நெரிசலில் நின்றுகொண்டு?

பட்டர்வொர்த் மோட்டார், 7.50
பாலத்தில் இல்லை, ஃபெர்ரியில்.

கூடாரம்77, 7.51
கடவுளே, அதற்கு ஃபெர்ரியில் ஏறுகிற எல்லாரும் நன்றி சொல்ல வேண்டுமா?

பட்டர்வொர்த் மோட்டார், 7.53
வாங்கியதைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று வந்தால் போலீஸ் விசாரணை. இங்கே 700 வெள்ளிக்குத் தலைவிளக்கு வாங்கி ஆயர் ஈத்தாம் படிக்கட்டில் நடக்கிறவர்களை யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

கொடிமலை நடை, 7.55
அது நான்தான். அது 700 இல்லை, 480. அதுவும் காட்டுப் பாதைக்கு வாங்கியது. படிக்கட்டில் சோதித்துப் பார்த்தேன்.

மலைப்பை, 7.58
எரிகிறது. நன்றி அக்கா. மீ கொதிக்கிறது. சார்ஜ் 4 சதவீதம்.

ஊசித்துளை, 8.02
டின்னைத் தூக்கித் தண்ணீரில் வைத்த அசைவில் தூசி விலகியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் நாசிலைக் கழற்றிப் பாருங்கள்.

தாப்பா தங்கச்சி, ஞாயிறு இரவு 9.20
அக்கா, அடுத்த வாரம் நாங்களும் போகிறோம். ராத்திரி டின்னைத் தூங்கும் பைக்குள் வைத்துக்கொண்டால் போதாதா? காலையில் தண்ணீரில் வைக்கிற வேலை மிச்சமாகுமே.

ஆயர் ஈத்தாம் அக்கா, ஞாயிறு இரவு 10.05
வைக்கலாம் தங்கச்சி, காலையில் முதல் காப்பிக்கு உதவும். ஆனால் டின் கதகதப்பாகத் தொடங்கும், அவ்வளவுதான். எரிய எரியக் குளிரத்தான் செய்யும், பாதி காலியான டின் இன்னும் சீக்கிரம் குளிரும். தண்ணீர்தான் சூட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அடாப்டரைக் கழற்றிவிட்டு, மூடி போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் ராத்திரி முழுக்கக் கேஸ் நாற்றத்தோடு படுக்க வேண்டியதுதான்.

பழைய பாதை, திங்கள் காலை 8.30
இழையைத் தொடங்கியவருக்கு: தண்ணீரில் வைத்தபின் எவ்வளவு நேரம் எரிந்தது, டின்னில் எவ்வளவு மிச்சம், காலையில் குளிர் எத்தனை டிகிரி என்று எழுதினால் அடுத்து வருகிறவருக்கு உதவும். நான் கேட்ட ஆறில் இரண்டு இன்னும் வரவில்லை.

மலைப்பை, வியாழன் இரவு 11.12
வீட்டுக்கு வந்துவிட்டோம். எல்லாருக்கும் நன்றி. அடுத்து வாங்கியாகிவிட்டது, ஒரு பெரிய தெர்மாஸ். மனைவி தேர்ந்தெடுத்தது.

பட்டர்வொர்த் மோட்டார், வியாழன் இரவு 11.15
எத்தனை லிட்டர்? எந்தக் கடை? விலை?