புதுப்பிப்பு: வேலை போனதை மகளிடம் சொல்லிவிட்டேன்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் நான் கணக்கெழுதிய இறால் கம்பெனியில் ஆள் குறைத்துவிட்டார்கள், எட்டாம் வகுப்பு படிக்கும் மகளிடம் எப்படிச் சொல்வது என்று மார்ச்சில் இங்கே கேட்டிருந்தேன். மறைக்க வேண்டாம் என்று பலரும் எழுதினீர்கள். சொல்லிவிட்டேன்.

அடுத்த மாதமே மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த நேரத்தில் இந்தக் கரையில் யார் புதிதாக ஆள் எடுப்பார்கள்? நகை அடகுக்குப் போனது. அதை விரித்து எழுத மனமில்லை.

மகளைப் பற்றித்தான் எழுத வேண்டும். ஓர் இரவு, பழைய நோட்டுகளில் எழுதாமல் மிஞ்சிய தாள்களைப் பிரித்தெடுத்து, கோணி ஊசியில் வலை நூலைக் கோத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். நான்கு ரஃப் நோட்டு தேறியது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. "அந்தக் காசு பஸ்ஸுக்கு ஆகும், அப்பா. வேலை கேட்டுப் பாம்பன் போக வேண்டுமே" என்றாள். பதின்மூன்று வயது! பெருமையாக இருந்தது. இவ்வளவு சீக்கிரம் இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டாமே என்று நெஞ்சும் வலித்தது.

ஜூன் கடைசியில் பாம்பனில் ஒரு மீன் வியாபாரியிடம் கணக்கு வேலை கிடைத்தது. சம்பளம் முன்பைவிடக் குறைவு. முதல் சம்பளத்தில் புது நோட்டுகள் வாங்கி வந்தேன். தைத்தவை முடியட்டும் என்று அலமாரியில் எடுத்து வைத்துவிட்டாள்.