அலாய் வீலுக்கு லாக் நட்டு: போடலாமா, வேண்டாமா?

கார்த்தி_எச்எஸ்ஆர்:
பெங்களூரு எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் வாடகை வீடு. கீழே ஓனர் காருக்கு மட்டும்தான் இடம். என் ஹோண்டா சிட்டி ராத்திரி முழுக்க ரோட்டில்தான் நிற்கிறது. போன வாரம் பக்கத்துத் தெருவில் ஒரு காரைக் கல் மேல் உட்கார வைத்துவிட்டு, இடது பக்கத்து அலாய் வீல் இரண்டையும் டயரோடு கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். காலையில் பால் பாக்கெட் எடுக்க வந்தபோதுதான் கார் வைத்திருந்தவருக்கே தெரிந்திருக்கிறது. கார் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டில் விசாரித்தேன், நாலு லாக் நட்டும் ஒரு சாவியும் சேர்ந்த செட் 2,000 ரூபாய்க்கு மேல் சொல்கிறார்கள். மச்சான் வேண்டவே வேண்டாம் என்கிறார். அடிக்கடி சேலம் போய் வருகிறவன் நான். போடலாமா?

அல்சூர்_பாஸ்கர்:
யோசிக்காமல் போடுங்கள், கார்த்தி. சிட்டிக்கு ஒரு வீலுக்கு நாலே நட்டு. ஜாக்கியும் சாதாரண வீல் ஸ்பேனரும் இருந்தால் பழகிய கைக்கு அது சில நிமிஷ வேலை. லாக் நட்டின் தலை அறுகோணமாக இருக்காது, வளைந்து நெளிந்த ஒரு பள்ளம்தான் இருக்கும். அதற்குப் பொருந்துகிற சாவியை மாட்டினால்தான் ஸ்பேனர் போட முடியும். வீலுக்கு ஒன்று போதும், மற்ற மூன்றைக் கழற்றினாலும் வீல் வராது. நல்ல செட்டில் நட்டைச் சுற்றி ஒரு வளையம் தனியாகச் சுழலும். சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றினாலும் வளையம்தான் சுற்றுமே தவிர நட்டு அசையாது. தெரு முழுக்கக் கார் நிற்கும்போது பூட்டுப் போட்ட வண்டியோடு யார் மல்லுக்கட்டுவார்கள்?

தர்மபுரிக்காரன்:
பாஸ்கர் சார், திருடன் மல்லுக்கட்ட மாட்டான், ஒத்துக்கறேன். வண்டிக்காரன் மல்லுக்கட்டணும், அதையும் சொல்லுங்க. கிருஷ்ணகிரி டோல் தாண்டி, ராத்திரி பதினோரு மணிக்கு எனக்குப் பஞ்சர். பின் சீட்டில் அம்மாவும் இரண்டு குழந்தைகளும். ஸ்டெப்னியில் காற்று இருக்கு, ஜாக்கி இருக்கு, சாவி இல்லை. சர்வீசுக்கு விட்ட இடத்தில் வீல் மாத்தினவங்க சாவியைத் தங்க டூல் டிராலியிலேயே விட்டுட்டாங்க. லாரிகள் உரசுற மாதிரி போற ரோட்டோரத்தில், கயிறு கட்டி இழுக்கிற வண்டிக்காக விடியிற வரை காத்திருந்தோம். வீல் போனா பணம்தான் போகும். அந்த ரோட்டில் அம்மாவை நிற்க வைத்தது எனக்கு இன்னும் ஆறலை.

இன்னொண்ணு, 2,000 ரூபாய் செட்டில் பாதிக்கு மேல் அந்தச் சுழல் வளையமே இருக்காது. கொஞ்சம் சின்ன சாக்கெட்டை அடித்து ஏற்றினா கழன்று வந்துடும். அதைப் பூட்டுன்னு நம்பித் தூங்கறது தப்பு.

அல்சூர்_பாஸ்கர்:
அது சர்வீஸ்காரர்களின் அலட்சியம் நண்பரே, நட்டு என்ன செய்யும்? வண்டியை எடுக்கும்போது சாவி கையில் வந்ததா என்று பார்த்துத்தான் பில்லில் கையெழுத்துப் போட வேண்டும். சாவியோடு ஒரு கோட் எண் அட்டை வரும். அதை போனில் படம் எடுத்து வையுங்கள், தொலைந்தால் அந்த எண்ணைக் கொடுத்து வேறு சாவி கேட்கலாம்.

தர்மபுரிக்காரன்:
எண் இருந்தா சாவி வரும் சார், ஆனா சேலம் போற வழியில தொப்பூர் கணவாயில மாட்டிக்கிட்டா, ராத்திரியே அங்கே வந்து சேராது.

பொம்மனஹள்ளி_டயர்கடை:
நான் டயர் கடை வச்சிருக்கேன், தினம் இதைக் கழட்டி மாட்டற ஆள். ரெண்டு பேரும் முக்கியமானதை விட்டுட்டீங்க. கார்த்தி தம்பி, உங்க வண்டி ஹோண்டா. கம்பெனி அலாயில நட்டு உட்கார்ற இடம் உருண்டையா, கிண்ணம் மாதிரி இருக்கும். நட்டோட அடிப்பக்கமும் அதுக்கு ஏத்த மாதிரி உருண்டை. கடையில கிடைக்கிற லாக் நட்டுல பெரும்பாலும் அடி கூம்பா இருக்கும். மரை ரெண்டுக்கும் ஒண்ணுதான், 12 மில்லிமீட்டர், 1.5 பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி). அதனால சுலபமா ஏறிடும், இறுகின மாதிரியும் தெரியும். ஆனா கூம்பு அந்தக் குழியில முழுசாப் படியாது, விளிம்புல ஒரு கோடு மாதிரிதான் தொடும். ஓட ஓட அலாய் அந்த இடத்துல நசுங்கும், நட்டு தளரும். திருடன் ஒரு ராத்திரி வருவானோ மாட்டானோ, இது தினமும் உங்க கூடவே ஓடும்.

வண்டிக்கு வண்டி இது மாறும். மாருதிக்கு 12 மில்லிமீட்டர்தான், ஆனா பிட்ச் 1.25. டொயோட்டா கம்பெனி அலாய் பலதுல நட்டுக்குக் கீழே தட்டை வாஷர் வச்சு, நட்டோட தண்டு வீல் துளைக்குள்ளே இறங்கற மாதிரி இருக்கும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவுல நட்டே கிடையாது, போல்ட்டுதான். எல்லா வண்டிக்கும் ஆகும்னு ஒரே பாக்கெட்டைத் தூக்கிக் கொடுக்கற கடையில வாங்கவே வாங்காதீங்க.

சாவி உடையறதுக்குக் காரணம் ஏர் கன், காத்து அழுத்தத்துல நட்டைச் சுத்தற மெஷின். அந்தப் பள்ளத்தோட ஓரம் மெல்லிசு, கன் அடிக்கற அடியைத் தாங்காது. ஓரம் மழுங்கிட்டா அப்புறம் எதிர்மரை போட்ட எக்ஸ்ட்ராக்டர்னு ஒரு கழட்டற சாக்கெட்டை அடிச்சு ஏத்தணும், இல்லேன்னா மேலே ஒரு நட்டை வெல்டிங் வச்சுக் கழட்டணும். பக்கத்துல அலாய் பெயின்ட் கருகிடும். எங்க கடையிலே பசங்களுக்குக் கண்டிப்பாச் சொல்லியிருக்கேன், லாக் நட்டுன்னா கைதான். முதல்ல அதைக் கழட்டணும், கடைசியில அதை டார்க் ரெஞ்ச்ல, அதாவது அளவு பார்த்து இறுக்கற ஸ்பேனர்ல, இறுக்கணும். சிட்டிக்கு அந்த அளவு 108 நியூட்டன் மீட்டர். 100 கிலோமீட்டர் ஓடினதும் இன்னொரு தடவை பார்க்கணும்.

கார்த்தி_எச்எஸ்ஆர்:
அண்ணா, உருண்டை, கூம்பு என்று ஜே.சி. ரோட்டில் ஒரு கடைக்காரர்கூட என்னைக் கேட்கவில்லை. வண்டி மாடல்கூடக் கேட்காமல்தான் பாக்கெட்டை எடுத்து வைத்தார்கள்.

பிடிஎம்_செல்வி:
எனக்கு இன்ஷூரன்ஸ் வேலை, அதனால் அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். காம்ப்ரிஹென்சிவ் பாலிசி (நம் வண்டியின் சேதம், திருட்டுக்கும் சேர்த்து எடுப்பது) இருந்தால் வீல் திருட்டுக்கு கிளெய்ம் கேட்கலாம். எஃப்.ஐ.ஆர். கட்டாயம். 1500 சிசி வரை உள்ள காருக்குக் கட்டாயக் கழிவு, அதாவது கிளெய்மில் நம் கையிலிருந்து போவது, 1,000 ரூபாய்தான். கம்பெனி அலாய் என்றால் வண்டி மதிப்பிலேயே சேர்ந்திருக்கும். வெளியே வாங்கி மாட்டினதென்றால் பாலிசியில் எழுதியிருக்க வேண்டும், எழுதாத அலாய்க்குப் பணம் வராது. டயருக்குத் தேய்மானம் கழிப்பார்கள், அதையும் கணக்கில் வையுங்கள்.

தர்மபுரிக்காரன்:
இதைத்தான் நானும் சொல்றேன். 1,000 ரூபாயோடு முடியற நஷ்டத்துக்கு எதுக்கு ரோட்டில் மாட்டிக்கணும்?

பிடிஎம்_செல்வி:
முடியாது அண்ணா. நோ கிளெய்ம் போனஸ் இருக்கிறதே, கிளெய்ம் கேட்காதவர்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி. முதல் வருஷம் 20 சதவீதம், அப்படியே ஏறி ஐந்து வருஷத்தில் 50 சதவீதம் வரை போகும். ஒரு கிளெய்ம் போட்டால், போனஸ் பாதுகாப்பு ஆட்-ஆன் இல்லாதவர்களுக்கு அடுத்த ரினியூவலில் பூஜ்யம். மறுபடி முதலிலிருந்து ஏற வேண்டும். நான் லாக் நட்டு போட்டிருக்கிறேன், என் வண்டியும் ரோட்டில்தான் நிற்கிறது. சாவிக்கு என்று தனி இடம்: ஸ்டெப்னிக் குழியில், ஜாக்கியோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறேன். வீல் ஸ்பேனர் எடுக்கிற யார் கையிலும் அதுவும் சேர்ந்தே வரும்.

அல்சூர்_பாஸ்கர்:
சரியான இடம். டாஷ்போர்டு பெட்டியில் போட்டால் பேப்பரோடு பேப்பராகத் தொலைந்துவிடும்.

தர்மபுரிக்காரன்:
திருடனுக்கும் அது சரியான இடம்தான் மேடம், டிக்கியைத் திறக்க முடிஞ்சா. ஆனா கண்ணாடியை உடைச்சா சத்தம் வரும், அலாரம் அடிக்கும், அதனால இதை நான் பெரிசா எடுக்கலை. என் பேச்சு மாறலை. ஊருக்குள்ளேயே ஓட்டறவங்க போட்டுக்கட்டும். நெடுஞ்சாலையில் குடும்பத்தோட போறவங்க வேண்டாம். கார்த்தி, 2,000 ரூபாய்க்கு அதிர்வு உணர்ந்து கத்தற அலாரம் கிடைக்குமான்னு பாருங்க. வீட்டு வாசல்ல வெளிச்சம் இருக்கா? ஓனர்கிட்ட சொல்லி ஒரு சென்சார் லைட் போட வையுங்க, தெருவுக்கே நல்லது.

கார்த்தி_எச்எஸ்ஆர்:
லைட்டுக்கு ஓனரிடம் இன்றே பேசுகிறேன். லாக் நட்டு விஷயத்தில், உருண்டை அடியோடு ஹோண்டா பார்ட்ஸ் கவுன்ட்டரில் கிடைத்தால் மட்டும் போடுவேன். கூம்பு செட் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். சாவி ஜாக்கியோடு இருக்கும், சர்வீசுக்கு விடும்போது நானே கழற்றி ஒரிஜினல் நட்டை மாட்டிவிட்டுக் கொடுப்பேன். அண்ணா, உங்கள் கடையில் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கித் தருவீர்களா?

பொம்மனஹள்ளி_டயர்கடை:
தாராளமா வாங்க தம்பி. சனி, ஞாயிறு வேண்டாம், ஊருக்குப் போற வண்டிங்க வரிசையில நிக்கும், நிதானமா வேலை பார்க்க முடியாது. வார நாள்ல காலையில வாங்க. வாங்கின நட்டை முதல்ல கொடுங்க, உங்க ஒரிஜினல் நட்டு பக்கத்துல வச்சு அடியைப் பார்த்துட்டுத்தான் மாட்டுவேன்.

தர்மபுரிக்காரன்:
கழட்டற அந்த நாலு ஒரிஜினல் நட்டையும் கடையிலேயே விட்டுட்டு வந்துடாதீங்க கார்த்தி. வழியில ஸ்டெப்னி மாட்ட வேண்டி வந்தா அதைப் போட்டே ஊர் வந்து சேருங்க.