பிரஷர் மாத்திரை கிடைச்சிருந்தா ஆபரேஷன் வரைக்கும் போயிருக்காது: நீலகிரி மலையில உங்க அனுபவத்த சொல்லுங்க

எஸ்டேட்பொண்ணு (பந்தலூர்):
எங்கப்பா டேன்டீல, அதான் அரசு தேயிலைத் தோட்டக் கழகத்துல, வேலை பார்த்தவரு. பிரஷர் இருக்குன்னு தெரியும், ஆனா மாத்திரை வாங்க டவுனுக்கு போனா பஸ் காசு, அன்னைக்கு கூலியும் போச்சு, அதனால தலை சுத்துறப்ப மட்டும் மெடிக்கல்ல நாலு வாங்கிப் போட்டுட்டு விட்ருவாரு. ஒரு நாள் காலைல வாய் கோணி ஒரு பக்கம் இழுத்துடுச்சு. கூடலூர் ஜிஹெச், அங்கேர்ந்து நடுவட்டம் வளைவெல்லாம் ஏறி ஊட்டி, அப்புறம் கோயம்புத்தூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரின்னு அலைஞ்சு தலையில ஆபரேஷன் பண்ணாங்க. முதலமைச்சர் காப்பீட்டு கார்டு இருந்துச்சு, வருஷத்துக்கு குடும்பத்துக்கு 5 லட்சம் வரைக்கும்னு. அது நல்ல திட்டம்தான், இல்லன்னா அப்பா இல்ல. ஆனா வண்டி வாடகை, கூட இருந்தவங்க சாப்பாடு, வீட்டுக்கு வந்தப்புறம் மாசாமாசம் மருந்து, அப்பாவ பார்த்துக்க அம்மா வேலைய விட்டது, இதெல்லாம் எந்த கார்டுலயும் வராது. அம்மா தோடு இன்னும் அடகுலதான் இருக்கு.

2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சாங்கல்ல, இப்ப ஒரு அக்கா லைன் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை குடுத்துட்டு போறாங்க. அதே மாத்திரைதான். 1994லயே மருந்து வாங்கன்னு அரசு தனியா ஒரு கழகம் ஆரம்பிச்சு மொத்தமா டெண்டர்ல எடுக்குறதால அரசுக்கும் அது ரொம்ப கம்மி விலை. அந்த அக்கா அப்பவே வந்திருந்தா அவரு இன்னைக்கு நடமாடிட்டு இருப்பாரு, அரசுக்கும் ஆபரேஷன் செலவு மிச்சம். இதத்தான் எல்லாரும் யோசிக்கணும்.

கோத்தகிரிவிவசாயி:
எங்க வீட்ல கார்டே இல்லைங்க. வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருக்கணுமாம், நமக்கு பச்சை தேயிலை விலை ஏறுன வருஷம் அதத் தாண்டிடும், விழுந்த வருஷம் உரக்கடன் கட்டவே பத்தாது. வீட்டுக்காரிக்கு பித்தப்பை கல்லுக்கு தனியார்ல கேட்ட தொகையில ஒரு மாடு வாங்கலாம். ஊட்டி மெடிக்கல் காலேஜ்ல 2025 ஏப்ரல்ல 700 பெட் ஆஸ்பத்திரி திறந்தாங்கல்ல, அங்க போயி பண்ணிட்டோம், கார்டு இருக்கான்னு யாரும் விரட்டல. வருமானம் பார்க்காம எல்லாருக்கும்னு இருந்தா இப்படித்தான் இருக்கும்.

கூடலூர்நர்ஸ்:
இங்க அஸ்வினி ஆதிவாசி ஆஸ்பத்திரி 1990லேர்ந்து இருக்கு. பணியர், குறும்பர் பிள்ளைகளுக்கே ட்ரெய்னிங் குடுத்து அவங்க கிராமத்துலயே ஹெல்த் வொர்க்கரா வச்சிருக்காங்க. சிக்கிள் செல்னு பரம்பரையா வர்ற ரத்த நோய் இந்த ஜனங்ககிட்ட நிறைய. ஒரு ரத்தப் பரிசோதனைல தெரிஞ்சுடும், அப்புறம் தொடர்ந்து மருந்து எடுத்தா அந்த நோயால கடுமையா வலி வந்து அட்மிட் ஆகுறது குறையும். பெரிய ஆஸ்பத்திரி மட்டும் கட்டினா இந்த ஜனங்க அங்க வந்து சேரவே மாட்டாங்க, பயம்.

குன்னூர்ராஜா:
எல்லாம் சரி, எல்லாருக்கும் இலவசம்னா காசு எங்கேர்ந்து வரும்?

எஸ்டேட்பொண்ணு:
அண்ணா, காசு இப்பவும் போயிட்டுதான் இருக்கு, நம்ம பாக்கெட்லேர்ந்து போகுது. நாட்டோட மொத்த மருத்துவச் செலவுல ஜனங்க கைக்காசு 2013-14ல 64 சதவீதம், அரசு செலவு கூடக்கூட 2021-22ல 39க்கு வந்திருக்கு, அதுவே ரொம்ப அதிகம். தாய்லாந்து 2002லயே எல்லாரையும் அரசு மருத்துவத் திட்டத்துக்குள்ள கொண்டு வந்துட்டாங்க, அப்ப அது ஒண்ணும் பணக்கார நாடு இல்ல. 2017 சுகாதாரக் கொள்கைல ஜிடிபில, அதாவது நாட்டோட மொத்த உற்பத்தில, 2.5 சதவீதம் அரசு மருத்துவத்துக்கு 2025க்குள்ளன்னு நம்ம அரசே எழுதி வச்சிருக்கு. அத முழுசா குடுத்து மொதல்ல பக்கத்துல இருக்குற ஆரம்ப சுகாதார நிலையத்துல டாக்டரும் லேபும் தினமும் இருக்குற மாதிரி பண்ணட்டும். பந்தலூர்ல ரத்தம் குடுத்துட்டு ரிசல்ட்டுக்கு மறுபடியும் ஒரு நாள் கூலிய விடணும்னா யாருண்ணா போவாங்க?