மறு: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பது இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கும் நோய். அதற்கு நம் குழுவில் வந்த 'ஊற்றறைக் குறுநடுக்கம்' என்ற முன்மொழிவைப் படித்தேன். பொருள் சரிதான். ஆனாலும் நான் 'மேலறை நடுக்கம்' என்றே வைக்கச் சொல்வேன். காரணம் எங்கள் வீட்டில் நடந்தது.

இரண்டு வருடம் முன்பு பாளையங்கோட்டையில் என் அத்தைக்கு இந்த நோய் வந்தது. சீட்டில் ஆங்கிலப் பெயரின் சுருக்கமாக 'ஏ.எஃப்.' என்று இரண்டு எழுத்துதான் இருந்தது. அத்தை வீடு திரும்புவதற்குள் 'ஹார்ட் அட்டாக்' என்று தெரு முழுக்கப் பேச்சு. மாரடைப்பு என்பது ரத்தக்குழாய் அடைத்து இதயத் தசை சாவது. அத்தைக்கு வந்தது இதயத்தின் மின்னோட்டக் கோளாறு. அந்த வித்தியாசத்தை எங்களில் யாருமே புரிந்துகொள்ளவில்லை. பத்து நாளில் படபடப்பு அடங்கியது. "அதான் சரியாப் போச்சே, எதுக்கு இத்தனை மாத்திரை?" என்று, ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்ததையும் சேர்த்து நிறுத்திவிட்டோம். மூன்றாம் மாதம் அத்தைக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போனது.

இதயத் துடிப்பைத் தொடங்கிவைக்கும் இடமான சைனஸ் கணு, ஓய்வில் இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை தூண்டல் அனுப்பும். இந்த நோயிலோ மேலறைகளில் 350-க்கும் மேற்பட்ட தூண்டல்கள் தாறுமாறாக ஓடுகின்றன. சுவர் சுருங்கி ரத்தத்தைத் தள்ளாமல் வெறுமனே நடுங்குகிறது. அதனால்தான் 'துடிப்பு' என்று முடியும் சொற்களை நான் ஏற்கவில்லை. அங்கே துடிப்பே இல்லை. தள்ளாத ரத்தம் தேங்கும், முக்கியமாக இடது மேலறையை ஒட்டிய சிறு பைக்குள். தாமிரபரணியில் ஓட்டம் நின்ற இடத்தில் பாசி பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே ரத்தம் கட்டியாகிறது. அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த நோய் உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து சுமார் 5 மடங்கு.

'படபடப்பு நோய்' என்ற யோசனையும் வேண்டாம். படபடப்பு ஓர் உணர்வு, பயந்தாலும் வரும். இந்த நோய் இருந்தும் எதுவுமே தெரியாமல், வேறு எதற்கோ ஈ.சி.ஜி. எடுத்தபோது கண்டுபிடிக்கப்பட்டவர்கள் பலர்.

ஈழத்து நண்பர் மேலறையைச் 'சோணையறை' என்கிறார். மேலறையின் பழைய ஆங்கிலப் பெயரான ஆரிக்கிள் என்பது லத்தீனில் சிறு காது, சோணையும் காதுமடல்தான். அழகான பொருத்தம். 19-ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் தமிழில் மருத்துவம் கற்பித்த மண் அது; அங்குள்ள சொற்களைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஆனால் இந்த நோயில் மேல், கீழ் என்பது சொல்லிலேயே கேட்க வேண்டும். மேலறை நடுங்கினால் மருந்தோடு பல வருடம் வாழலாம். கீழறை நடுங்கினால் சில நிமிடங்களில் உயிர் போகும். எங்கள் ஊரில் மச்சு, கீழ்வீடு என்று சொல்லிப் பழகிய ஆச்சிக்கு இது உடனே பிடிபடும். எதிர்வீட்டு ஆச்சியிடம் சொல்லிப் பார்த்தேன். "மேல்தட்டு நடுங்குது, கீழ்த்தட்டு தாங்குது, அப்படித்தானே?" என்றார்.

நடுக்கத்துக்குச் சொல்லப்பட்ட 'விதிர்ப்பு' எனக்கும் பிடித்த சொல், திருவாசகத்தில் 'விதிர்விதிர்த்து' என வருவதுதானே. ஆனால் மருந்துச் சீட்டில் அதை எழுதினால் விளக்க இன்னொரு சொல் வேண்டியிருக்கும். 'குறு' என்ற முன்னொட்டும் வேண்டாம், சின்ன விஷயம் என்று நினைத்துவிடுவார்கள். மேலறையில் வரும் இன்னொரு தாளக் கோளாறான ஃப்ளட்டருக்கு 'மேலறைச் சிறகடிப்பு' வைக்கலாம். அது வேகமானது, ஆனால் பெரும்பாலும் ஒழுங்கானது; சிறகடிப்பிலும் ஓர் ஒழுங்கு உண்டு. இதயத் தாளம் தவறுவதற்கெல்லாம் பொதுப்பெயரான அரித்மியாவுக்கு 'தாளப் பிறழ்வு' போதும்.

அப்புறம் ஒன்று பாக்கி. டிஃபிப்ரிலேட்டர் என்ற கருவி மின்னதிர்ச்சி கொடுத்து அந்த நடுக்கத்தை நிறுத்துகிறது, பிறகு இதயம் தானாகத் தாளம் பிடிக்க வழி கிடைக்கிறது. 'நடுக்கம் நிறுத்தி' என்று எழுதிப் பார்த்தேன், நாக்கில் ஒட்டவில்லை. 'நடுக்கமடக்கி' எப்படி இருக்கிறது?