கோயில் ஹாலில் மாதம் ஒரு அறிவியல் பேச்சும் உலாவும்: டர்பனில் நாள் குறிப்பது எப்படி?

சில்வர்கிளன் (கேள்வி)

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் மாதம் ஒரு மாலை கோயில் ஹாலை அறிவியல் பேச்சுக்குத் தரக் கமிட்டி ஒத்துக்கொண்டிருக்கிறது. பேச்சோடு நிறுத்தாமல் வெளியே கூட்டிப்போய்க் காட்டவும் வேண்டும் என்று பெற்றோர் கேட்கிறார்கள். எட்டு வயதுப் பிள்ளை முதல் எண்பது வயதுப் பாட்டி வரை அறுபது பேர் வரக்கூடும். இருப்பது 200 மில்லிமீட்டர் டாப்சோனியன் தொலைநோக்கி (தரையில் வைத்துக் கையால் திருப்புவது) ஒன்று, 10×50 பைனாகுலர் ஒன்று, புரொஜெக்டர் ஒன்று. முதல் மாதம் பேச்சு ஒன்றேகால் மணி நேரம் ஓடியது, பாதியிலேயே நாற்காலிகள் காலி. வெளியே வந்தால் வானம் முழுக்க மேகம்.

நாளை எதை வைத்துக் குறிப்பது? ஒரே தொலைநோக்கியில் அறுபது பேருக்கும் காட்ட முடியுமா? வானம் மூடிக்கொள்ளும் மாதங்களில் வேறு எங்கே போகலாம்? தமிழில் பேசுவதா, ஆங்கிலத்திலா என்பதும் இன்னும் முடிவாகவில்லை.

திரிசங்கு

கமிட்டிக்கு வசதியான சனிக்கிழமையை முதலில் குறித்துவிட்டு, பிறகு வானத்தைப் பார்ப்பதுதான் பிழை. பஞ்சாங்கத்தில் இருந்து தொடங்குங்கள். அது எல்லார் வீட்டிலும் இருக்கிறது, திதி தெரிந்தால் நிலா எங்கே எவ்வளவு இருக்கும் என்பது தெரிந்துவிடும்.

வளர்பிறை பஞ்சமி முதல் அஷ்டமி வரைதான் பொதுமக்களுக்கு நிலாவைக் காட்டத் தோதான நாட்கள். அப்போது சூரிய ஒளி பக்கவாட்டில் விழுவதால் ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டோரம் பள்ளங்களின் நிழல் நீளமாகத் தெரியும். பௌர்ணமியன்று ஒளி நேராக விழும். நிழல் இருக்காது, நிலா வெறும் வெள்ளைத் தட்டாகத் தெரியும், மற்ற நட்சத்திரங்களையும் மறைத்துவிடும். அஷ்டமியில் புதிதாக ஒன்றைத் தொடங்க வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னால் சஷ்டியில் வையுங்கள். முருகன் பூசைக்கு வந்த கூட்டம் அங்கேயே இருக்கும், நிலாவும் ஆறு நாள் வயதில் சரியான அளவில் இருக்கும்.

மாதம் என்று பார்த்தால் மே முதல் ஆகஸ்ட் வரை. நம் கரையில் மழை கோடையில்தான், குளிர்காலத்தில் வானம் தெளிவு. ஜூனில் ஐந்து மணிக்குப் பிறகு சிறிது நேரத்திலேயே பொழுது சாய்கிறது, ஆறரைக்குத் தொடங்கி எட்டுக்குப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். டிசம்பரில் எட்டு மணி தாண்டாமல் நன்றாக இருட்டாது.

பேச்சு இருபது நிமிடம் போதும். அன்று கண்ணால் பார்க்கப்போவதைப் பற்றி மட்டும் பேசுங்கள். உதாரணமாக ஜூனில் திரிசங்குக்கு, அதாவது தென்சிலுவைக்கு, பக்கத்தில் ஆல்பா சென்டாரி இருக்கும், சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் உள்ள நட்சத்திர அமைப்பு. அதன் தூரத்துக்கான அளவுகளைத் தாமஸ் ஹெண்டர்சன் எடுத்தது கேப் டவுனில் இருந்து, 1832-33இல். அதே அமைப்பைச் சேர்ந்த பிராக்சிமா என்ற மங்கலான நட்சத்திரத்தை 1915இல் ராபர்ட் இன்னஸ் கண்டுபிடித்தது ஜோகன்னஸ்பர்க்கில். இரண்டையும் இந்த மண்ணில் இருந்து செய்தார்கள் என்று சொல்லிவிட்டு வெளியே கூட்டிப்போனால், பார்க்க வரிசை தானாக நிற்கும்.

இன்னொன்று. புரொஜெக்டர் வெளிச்சத்தைப் பார்த்த கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும். பேச்சு முடிந்ததும் நேராக மங்கலான ஒன்றைக் காட்டினால் பாதிப் பேருக்குத் தெரியாது. முதலில் நிலாவைக் காட்டி, தேநீர் கொடுத்து, அதன் பிறகு ஒமேகா சென்டாரிக்குப் போங்கள். சுமார் 17,000 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் விண்மீன் கொத்து அது, ஜூன் மாலையில் தலைக்கு மேலே வந்துவிடும். டார்ச்சின் வாயில் சிவப்பு செலோபேன் தாளை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள்.

பூந்தோட்டம்

மொழி பற்றி. முழுத் தமிழ் என்றால் பேரப்பிள்ளைகள் எழுந்து போவார்கள், முழு ஆங்கிலம் என்றால் பாட்டிகளுக்குக் கோயிலுக்கு வந்த உணர்வே வராது. ஆனால் இரண்டு தலைமுறைக்கும் தெரிந்த ஒன்று இருக்கிறது: பிள்ளையின் ஜன்ம நட்சத்திரம். அரைத்தாள் அளவில் ஒரு பட்டியல் அச்சடித்துக் கொடுங்கள், ஒரு பக்கம் நம் பெயர், எதிரே ஆங்கிலப் பெயரைத் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும். சித்திரை ஸ்பைகா, சுவாதி ஆர்க்டூரஸ், கேட்டை அன்டாரஸ், திருவாதிரை பெட்டல்ஜூஸ், கார்த்திகை பிளையடிஸ். ஜூன் மாலையில் சித்திரை உச்சிக்குப் பக்கத்தில், சுவாதி வடகிழக்கில், கேட்டை கிழக்கில் ஏறிக்கொண்டிருக்கும். கார்த்திகைக்காரர்களும் திருவாதிரைக்காரர்களும் டிசம்பர், ஜனவரியில் வரவேண்டும். "என் நட்சத்திரம் ஏன் இன்றைக்கு இல்லை?" என்று ஒரு பிள்ளை கேட்டால், அந்த மாதத்துப் பேச்சு அங்கேயே தொடங்கிவிட்டது. பிறந்த நாளில் நிலா நின்ற இடம்தான் நட்சத்திரம், பூமி சூரியனைச் சுற்றுவதால் மாலை வானத்தில் அது தெரியும் மாதம் வேறு, என்று பாட்டியும் பேத்தியும் சேர்ந்தே கேட்பார்கள்.

அருந்ததியையும் விடாதீர்கள். கல்யாணத்தில் காட்டச் சொல்லும் நட்சத்திரம் வட வானத்தில் இருப்பது. டர்பன் தெற்கே ஏறத்தாழ 30 பாகையில் இருப்பதால், அது மிக உயர்ந்து நிற்கும்போதும் அடிவானத்துக்கு மேல் 5 பாகைதான். ஜூன் நடுவில் இரவு எட்டு மணி வாக்கில் நேர் வடக்கே. கையை நீட்டி மூன்று விரலைப் படுக்கை வாட்டில் அடுக்கினால் வரும் உயரம் அது, கட்டடமோ புகையோ இருந்தால் போயிற்று. வடக்குப் பக்கம் திறந்த குன்று கிடைத்தால் முயலலாம். அகத்தியர் நட்சத்திரம் இதற்கு நேர் எதிர். சென்னையில் தெற்கே 24 பாகை உயரத்தோடு நின்றுவிடுகிற கனோபஸ், இங்கே பிப்ரவரி இரவு ஒன்பது மணிக்கு 67 பாகை உயரத்தில் நிற்கும். தைப்பூசக் காவடி முடிந்த மறுவாரம் காட்ட இதைவிட நல்லது இல்லை.

கண்ணாடிக்குழாய்

ஒரே தொலைநோக்கி, அறுபது பேர்: முடியும். ஆளுக்கு 40 விநாடி என்றால் ஒரு சுற்றுக்கு 40 நிமிடம். ஆகவே ஒரு மாலைக்கு இரண்டு பொருள், அதற்கு மேல் வேண்டாம். காத்திருப்பவர்களுக்குப் பைனாகுலரை முக்காலியில் பொருத்தி வேறொன்றைக் காட்டுங்கள்.

வழக்கமான 200 மில்லிமீட்டர் டாப்சோனியனின் குவியதூரம் 1200 மில்லிமீட்டர். அதைக் கண்வில்லையின் (கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு வில்லை) அளவால் வகுத்தால் பெரிதாக்கம் வரும்: 10 மில்லிமீட்டர் கண்வில்லை 120 மடங்கு, 25 மில்லிமீட்டர் 48 மடங்கு. 120 மடங்கில் பூமி சுழல்வதால் பொருள் விளிம்பில் இருந்து விளிம்புக்கு ஒன்றரை நிமிடத்தில் ஓடிவிடும், இரண்டாவது ஆளுக்கே அது இருக்காது. 48 மடங்கில் சுமார் நான்கு நிமிடம் கிடைக்கும். எனவே கூட்டத்துக்கு 25, கோள்களுக்கும் ஆல்பா சென்டாரிக்கும் மட்டும் 10. எதுவானாலும் குழாய்க்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, 48 மடங்கில் இரண்டு மூன்று பேருக்கு ஒருமுறையும் 120இல் ஆளுக்கு ஒருமுறையும் பார்த்துத் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும்.

பிள்ளைகள் கண்வில்லையைப் பிடித்து இழுத்துத்தான் பார்ப்பார்கள். திட்டினால் பயந்து பார்க்காமலே போய்விடுவார்கள். பக்கத்தில் உயரமான ஸ்டூல் ஒன்றை வைத்து "இதைப் பிடித்துக்கொள்" என்றால் கை அங்கே போய்விடும்.

தெரியாமலே "தெரிகிறது" என்று மரியாதைக்குத் தலையாட்டுபவர்கள் நிறைய. "ஒன்றா இரண்டா?" என்று கேளுங்கள். ஆல்பா சென்டாரி 120 மடங்கில் ஒட்டி நிற்கும் இரண்டு புள்ளியாகத் தெரியும். "ஒன்று" என்பவருக்குக் குவியத்தைத் திருத்திக் கொடுத்து மறுபடி பார்க்க விடுங்கள்.

நம் ஊர் ஈரக்காற்றில் கண்வில்லை பனித்துப்போகும், துணியால் துடைத்தால் பூச்சில் கீறல் விழும். கண்வில்லைகளைச் சட்டைப்பையில் வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள், குழாய் வாயில் கறுப்பு ஃபோம் ஷீட்டை ஒரு முழம் நீட்டிச் சுற்றுங்கள். ஹாலில் இருந்து வெளியே எடுத்த குழாய் குளிர முக்கால் மணி வேண்டும். அதற்குமுன் கோள்கள் கொதிக்கும் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் ஆடும்.

பகலில் சூரியனைக் காட்ட நினைத்தால் சூரிய வடிகட்டி குழாயின் முன்வாயில், டேப் போட்டு இறுக்கி. கண்வில்லையில் திருகும் சிறு வடிகட்டி சூட்டில் வெடிக்கும், பார்ப்பவர் கண் போய்விடும். அதைக் கையால் தொடவே வேண்டாம். இதில் இப்போதே பழகிக்கொள்வது நல்லது: 2030 நவம்பர் 25, திங்கள் காலை, முழுச் சூரிய கிரகணப் பாதை டர்பன் மேல் போகிறது.

அலைவாய்க்கரை

திரிசங்கு ஐயா பௌர்ணமியைத் தள்ளிவிட்டார். அதை எனக்குக் கொடுங்கள். அமாவாசையும் பௌர்ணமியும்தான் பாறைக்குட்டை (கடல் வற்றும்போது பாறைகளுக்கு நடுவே தேங்கும் நீர்) பார்க்கிற நாட்கள், மேகம் இருந்தாலும் கவலை இல்லை.

சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் இழுப்பதால் அந்த நாட்களிலும் அடுத்த ஓரிரு நாளிலும் கடல் மிக அதிகமாக வற்றும். டர்பனில் அந்த வற்று காலை பத்து மணியை ஒட்டி வரும், ஒவ்வொரு நாளும் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசைக்கு மறுநாள் ஞாயிறு என்றால் அதுதான் நாள். மூன்றாம் நாள் என்றாலும் பரவாயில்லை, அஷ்டமியை ஒட்டிய ஞாயிறு என்றால் விட்டுவிடுங்கள், அப்போது கடல் அரைகுறையாகத்தான் வற்றும். சரியான நிமிடத்துக்குக் கடற்படை நீரியல் அலுவலகத்தின் அட்டவணையைப் பாருங்கள், அதில் வற்று நேரத்து நீர்மட்டம் 0.3 மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும். மார்ச், செப்டம்பரை ஒட்டி வற்று இன்னும் பெரிது. ஆனால் புரட்டாசிச் சனிக்கிழமையில் யாரும் வரமாட்டார்கள், ஞாயிறுதான்.

இடம்: பிளஃப்பில் டிரெஷர் பீச். வற்றுக்கு ஒன்றரை மணி முன்பே போய், கடல் பின்வாங்கப் பின்வாங்க இறங்குங்கள், வற்று முடிந்து அரைமணியில் எல்லாரும் மேலே. எட்டுப் பிள்ளைக்கு ஒரு பெரியவர், அந்தப் பெரியவர் குட்டையைப் பார்க்கக் கூடாது, கடலைப் பார்த்து நிற்கவேண்டும். கட்டிய செருப்பு, ரப்பர் ஸ்லிப்பர் கூடாது. ஐஸ்கிரீம் டப்பாவின் அடியை வெட்டி ஒட்டும் பிளாஸ்டிக் தாளை ரப்பர் பாண்டால் இறுக்கினால் தண்ணீருக்குள் பார்க்கும் கண்ணாடி தயார்.

பாறையில் சிப்பிகள் ஒரே மட்டத்தில் பட்டையாக ஒட்டியிருப்பதைக் காட்டுங்கள். மேலே போனால் வெயிலில் காயும், கீழே போனால் துளைபோடும் நத்தைகள் தின்னும், அதனால் நடுவே ஒரு கோடு. கவிழ்த்த கிண்ணம்போல் ஒட்டியிருக்கும் லிம்பெட்டுகளில் சில வகை, இரை தேடிவிட்டுத் தன் ஓடு பொருந்தும் அதே தழும்புக்குத் திரும்பும். பிடுங்கினால் அந்தப் பொருத்தம் போய் உலர்ந்து சாகும். புரட்டிய கல்லைப் புரட்டியபடியே திருப்பி வையுங்கள். கூம்புச் சங்கைத் தொடக்கூடாது, சில வகையின் கொட்டு உயிரையே வாங்கும். பாறையில் மெத்தைபோல் படர்ந்திருக்கும் சிறு பூவுயிர்களிலும் நஞ்சு உண்டு, தொட்ட கையைக் கண்ணில் வைக்கக் கூடாது. குழம்புக்கு மட்டி எடுக்க ஆசைப்படுவோர் இருப்பார்கள், அதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்பதை பஸ்ஸிலேயே சொல்லிவிடுங்கள்.

கோடை மாலைக்கு இன்னொன்று: கிங் ஷாகா விமான நிலையத்துக்குப் பக்கத்தில் மவுண்ட் மோர்லண்ட். நவம்பர் முதல் மார்ச் வரை, ஐரோப்பாவில் இருந்து வந்த தகைவிலான் குருவிகள் (ஒரு காலத்தில் முப்பது லட்சம் வரை கணக்கிட்டார்கள்) பொழுது சாயும்போது நாணல் காட்டில் இறங்கும். சூரியன் மறைய முக்கால் மணி முன்பு உட்கார்ந்துவிடவேண்டும், இறங்குவது சில நிமிடத்தில் முடிந்துவிடும். ஒவ்வொன்றும் சுமார் 20 கிராம்தான் என்று ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள், பறவை அதைவிட லேசு. கொசு மருந்து மறக்காதீர்கள்.

சில்வர்கிளன்

மிக்க நன்றி. ஜூனில் வளர்பிறை சஷ்டியும், அதே மாதம் பௌர்ணமிக்குப் பின் வரும் ஞாயிறும் என்று கமிட்டியிடம் கேட்கப்போகிறேன். அலைவாய்க்கரை அக்கா, ஒரு சந்தேகம். புளூபாட்டில் (ஜெல்லிமீன் போன்ற, கொட்டும் நீல நிறக் கடலுயிர்) கரைக்கு வந்திருந்தால் ரத்து செய்துவிடவா? கொட்டினால் என்ன செய்வது?

அலைவாய்க்கரை

வடகிழக்குக் காற்று இரண்டு மூன்று நாள் விடாமல் அடித்தால் அவை கரைக்கு வரும், கோடையில் அதிகம். முதல் நாள் மாலை ஒருவர் போய் மணலைப் பார்த்துவிடட்டும். அலை ஒதுக்கிய வரியில் நீலப் பைகள் வரிசையாகக் கிடந்தால் தள்ளிவையுங்கள். ஒன்றிரண்டு என்றால் போகலாம். உலர்ந்து கிடப்பதும் கொட்டும், யாரும் மிதிக்கக் கூடாது.

கொட்டினால் மணல் போட்டுத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். கடல்நீரால் கழுவி, ஒட்டிய இழையைச் சாமணத்தால் எடுத்து, பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் இருபது நிமிடம் வையுங்கள், ஏறத்தாழ 45 டிகிரி. பிளாஸ்கில் கொதிநீர் கொண்டுபோய் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு குழாய்த் தண்ணீர் கலந்தால் அந்தச் சூடு வரும், முதலில் பெரியவர் தன் முழங்கையை வைத்துப் பார்க்கவேண்டும். மூச்சு வாங்கினாலோ முகம் வீங்கினாலோ காத்திருக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அறுபது பேருக்கு இரண்டு லிட்டர் பிளாஸ்க் மூன்று, ஒரு வாளி, ஒரு சாமணம். பஸ்ஸில் வைக்காமல் பாறைக்கு மேலே நிழலில் வையுங்கள், வண்டி நிறுத்தும் இடம் அங்கிருந்து தூரம்.