ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரின் கொரோனா காப்பீட்டுத் தொகை: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் தெருவில் இருக்கும் அக்கா ஒருவருக்காகக் கேட்கிறேன். அவர் கணவர் அரசு மருத்துவமனை கொரோனா வார்டில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். 2021 மே மாதம் தொற்று உறுதியாகி, அடுத்த வாரமே இறந்துவிட்டார். கொரோனாவில் இறந்த எல்லோர் குடும்பத்துக்கும் தந்த 50,000 ரூபாய் வந்தது. சுகாதாரப் பணியாளர்களுக்கான மத்திய அரசின் 50 லட்ச ரூபாய் காப்பீடுதான் வரவில்லை. ஒப்பந்த ஊழியர், தினக்கூலி எல்லோரும் அப்போது அதில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். இருந்தும் மருத்துவமனையும் ஒப்பந்தக்காரரும் மாறி மாறிக் கைகாட்டுகிறார்கள். நோயாளிகளின் பக்கத்திலேயே நின்று வேலை பார்த்தவருக்கு இது பெரிய அநியாயம்.

அவர் அந்த வார்டில் பணியில் இருந்ததை நிரூபிக்க வேண்டும். வருகைப் பதிவேட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் தருவார்களா? பி.எஃப். விவரம் உதவுமா? ஆட்சியரிடம் மனு கொடுத்தோ, உயர் நீதிமன்றம் போயோ தொகை வாங்கியவர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். பிள்ளைகள் இருவரும் பள்ளியில் படிக்கிறார்கள்.